வெளிச்சம் படித்த பவளம்

வடபழனி ஸ்டூடியோக்களில் லைட்மேனாக இருந்தவன் நான். பவளத்தின் நிறம் மாறிய கதையை விளக்குகளின் கதையாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

1948-இல் ஏவி.எம். காரைக்குடியை விட்டு ஆற்காடு சாலைக்கு வந்தது. வாகினியும் அந்தச் சமயத்தில் எழுந்ததுதான். அந்தத் தளங்களில் எரிந்தவை கார்பன் ஆர்க் விளக்குகள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வெளிச்சத்தின் அளவு தெரிந்தால் போதும். வண்ணப்படம் வந்ததும், விளக்குக்கும் நிறம் உண்டு என்பதைப் பரணில் நிற்பவனும் படித்தாக வேண்டியிருந்தது. டங்ஸ்டன் 3200 கெல்வின், மஞ்சள் சாயும். பகல் வெயில் 5600. இரண்டையும் சேர்க்க நீல ஜெலட்டின் தாள் கட்டுவோம். 1960-களின் இறுதியில் ஜெர்மனியின் ஓஸ்ராம் தொலைக்காட்சிக்கென்று செய்த எச்.எம்.ஐ. விளக்கு பின்னால் இங்கும் வந்தது. அது பகல் வெயிலின் நிறத்திலேயே எரிந்ததால் தாளுக்கு வேலை குறைந்தது. அதே குடும்பத்து மெட்டல் ஹாலைடு விளக்கைத்தான் 1980-களில் பெர்லின் மீன்தொட்டி ஆர்வலர்கள் பவளத்தின் மேல் தொங்கவிட்டார்கள். கல் பவளம் வீட்டுத் தொட்டியில் பரவலாக வளரத் தொடங்கியது அப்போதுதான்.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் உணவு சமைத்து, பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடும். அதற்கு மிகவும் வேண்டியது 430, 450 நானோமீட்டர் பக்கத்து நீலம். கடல்நீர் சிவப்பைச் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால் தொட்டி விளக்குகளும் 10,000 கெல்வின், 20,000 கெல்வின் என்று நீலத்துக்கு நகர்ந்தன. 1990-களில் நகாமுரா என்ற ஆய்வாளர் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார், 2014-இல் அகசாகி, அமானோவோடு நோபல் பரிசு பெற்றார். அந்த நீலம் பட்டதும் பவளத்தின் ஒளிரும் புரதங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னின. தொட்டி வைப்பவர்கள் அதில் மயங்கிப்போனார்கள்.

என் மனசு பழுப்பில் நிற்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அதிகம் தெரியும் நிறம் அதுதான்; பாசி நிறைந்த பவளத்தின் நிறம். தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள், வீடு கட்டினார்கள். அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போயின. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் கல் பவளம் முழுவதும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்ந்தது. நம் கடல் பவளத்தை எடுத்துவந்து தொட்டியில் வைப்பது குற்றம். இந்தத் தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

பளிச்சென்ற நிறம் எல்லாம் நலத்தின் அடையாளமும் இல்லை. 2020-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். நீர் சூடாகிப் பாசி வெளியேறியதும், வெள்ளை எலும்புக்கூட்டில் பட்ட வெளிச்சம் சதைக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சிதறுகிறது. அதில் உள்ள நீலம் நிறமிகளைத் தூண்டுகிறது. அந்த ஊதாவும் ரோஜா நிறமும் பவளம் வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் மறைப்பு.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல முடியும். கேமராமேன் கையிலிருக்கும் லைட் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது. பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் கணக்கிடும். நீல எல்.இ.டி. தொட்டியில் அதை வைத்தால் வெளிச்சம் போதாது என்று காட்டும். அதை நம்பிக் கூட்டினால் பவளம் வெளுத்துவிடும். 400 முதல் 700 நானோமீட்டர் வரை விழும் ஒளித்துகளை எண்ணும் பார் (PAR) மீட்டர்தான் வேண்டும். புதிதாக வைத்த பவளத்துக்கு மங்கலில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை ஏற்ற வேண்டும்.