நிவாரணமும் நட்ட ஈடும்

பெருந்துயர் நேர்ந்த ஊருக்கு அமைச்சர் வருவதும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று தொகை அறிவிப்பதும் நாம் பலமுறை கண்ட காட்சி. அது நிவாரணம், அரசு இரங்கித் தருவது. நட்ட ஈடு வேறு. இழைக்கப்பட்டது அநீதி என்று நீதிமன்றம் உரைத்து, உரிமையாகக் கிடைப்பது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

இட்லர் ஆட்சியில் ஆஷ்விட்ஸ் முகாமில் ஐ.ஜி. பார்பென் என்னும் இரசாயன நிறுவனத்துக்குக் கூலியின்றி உழைத்துப் பிழைத்து வந்தவர் நார்பர்ட் வோல்ஹைம் என்னும் யூதர். மனைவியையும் மகனையும் அங்கே பறிகொடுத்தவர். 1951இல் பிராங்க்பர்ட் நீதிமன்றத்தில் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1953இல் அவருக்கு 10,000 மார்க் வழங்கத் தீர்ப்பாயிற்று. சிறு தொகைதான். ஆயினும் மேல்முறையீடு நடக்கையிலேயே, 1957இல், ஏனையோருக்கும் சேர்த்து மூன்று கோடி மார்க் தர நிறுவனம் இணங்கிற்று.

நம் நாட்டில் இவ்வழியைத் திறந்தது 1983ஆம் ஆண்டின் ருதுல் ஷா வழக்கு. விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னும் பதினான்கு ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்த அவருக்கு, அடிப்படை உரிமை மனுவிலேயே நட்ட ஈடு வழங்கியது உச்சநீதிமன்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள் நிவாரணத்தையும் உரிமையாக்கின. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறாமல் காவல் நிலையத்தைவிட்டு எவரும் திரும்பலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி நம் அண்டை ஊருக்கு வருவோம். கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடியில் உள்ளது வாச்சாத்தி. நம் மலைமக்களைப் போல் அவர்களும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தனர். அரசு மறுத்தது. மார்க்சிஸ்டுத் தலைவர் அ. நல்லசிவன் உச்சநீதிமன்றத்தை அணுகினார். வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அணிவகுப்பில் குற்றவாளிகளை அடையாளம் காட்டினர். அந்தத் துணிவை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதியரசர் பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே அவ்வூருக்குச் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். அதில் பாதியைப் பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோரிடமிருந்தே வசூலிக்கவேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும்.