காலுக்கேற்ற சப்பாத்து



பரிசளிப்பு விழா நெருங்கினால் நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "சட்டை இருக்கு, சிலுவார் இருக்கு, சப்பாத்து எங்கே?" என்பார் அப்பா. "பளபளன்னு இருக்கணும்" என்பார் அம்மா. "கடிக்காம இருந்தாப் போதும்மா" என்பான் பையன். அழகும் வேண்டும், சுகமும் வேண்டும் என்ற இந்தச் சின்ன வழக்குக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் நம் முன்னோரின் உழைப்பும் மானமும் உடல் நலமும் சேர்ந்தே கிடக்கின்றன. சற்றே பொறுமையோடு படியுங்கள்.

சொல்லும் கதை சொல்லும்

நாம் சொல்லும் 'சப்பாத்து' தமிழ்ச் சொல் அன்று. போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்த சொல் அது. இலங்கையிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் நாவில் தங்கிவிட்டது. ஆனால் காலணி நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. சங்க நூல்களிலேயே 'தொடுதோல்' என்ற சொல் உண்டு, 'செருப்பு' என்ற சொல்லும் உண்டு. இராமனின் பாதுகையைப் பரதன் அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் நாடு காத்த கதையைக் கேட்காத பிள்ளை நம்மில் யார்?

பாதுகையை அரியணையில் ஏற்றிய நாட்டில், செருப்பைத் தைத்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். மேல்சாதித் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று தடுத்தார்கள். தோலைத் தொட்டவன் தீட்டு, அந்தத் தோலை மிதித்து நடந்தவன் பெரிய மனிதன்! இது என்ன நியாயம்? கடல் கடந்து வந்த நம்மவரில் பலருக்கு ஒரு சோடி சப்பாத்து வெறும் பகட்டாக இல்லாமல் தலை நிமிர்வாக இருந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

தாயகத்துத் தோல்

உலகச் சந்தையில் நல்ல தோலுக்குப் பேர்போன இடங்களில் தமிழகமும் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிற்று. நம் ஊர் வேலியோரத்து ஆவாரஞ்செடி இலண்டன் துரைமாரின் காலை அலங்கரித்தது என்றால் மிகையாகாது!

1884-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ஸ் என்பவர் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக் கணக்கில் நடந்த வேலை அதன் பிறகு நாள் கணக்கில் முடிந்தது. தோலும் மெதுவாக இருந்தது, தண்ணீரையும் தாங்கியது. சென்னைக்கு அருகே அந்த முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால்தான் 'குரோம்பேட்டை' என்ற ஊர்ப் பெயரே பிறந்தது. பின்னர் 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

ஒரு செய்தியை மனத்தில் வையுங்கள். பட்டையால் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், அடிப்பாகத்துக்கு உகந்தது. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், மேற்பாகத்துக்கு உகந்தது. சப்பாத்தின் சுகத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

வெறுங்காலும் கொக்கிப்புழுவும்

1877-இல் பிரேசில் வித்திலிருந்து முளைத்த 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை அங்கே ரிட்லி கண்டறிந்தார். அதன் பிறகு மலாயாவும் சிங்கப்பூரும் ரப்பர்க் காடாயின. செம்பவாங் வட்டாரமும் அப்படித்தான்.

அந்தக் காட்டில் வைகறை இருட்டில் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் வெறுங்காலோடுதான் போனார்கள். ஈர மண்ணில் இருந்த கொக்கிப்புழுவின் குஞ்சு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தைக் குடித்தது. இது தோல் வழியாகவே நுழைகிறது என்பதை லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் எகிப்தில் ஆராய்ந்து 1898-இல் வெளியிட்டார். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனத்தின் மருத்துவக் குழு மலாயா, ஜாவா, பிஜி நாடுகளில் இந்த நோயை ஆராய்ந்தது.

"சோம்பேறிப் பயலே, எழுந்திருடா!" என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் இரத்தம் வற்றிப் போனவர்களோ! நல்ல கழிப்பிடமும் காலில் ஒரு செருப்பும் இருந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். பால் எடுத்தவன் கால் வெறுங்கால். அவன் எடுத்த பாலோ எங்கோ ஒருவன் சப்பாத்துக்கு அடிப்பாகம். இதை நம் பிள்ளைகள் மறக்கலாகாது.

செம்பவாங்கில் சப்பாத்துச் சத்தம்

1921-இல் பிரிட்டன் சிங்கப்பூரில் கடற்படைத் தளம் அமைக்க முடிவு செய்தது. 1938 பிப்ரவரி 14-ஆம் நாள் செம்பவாங்கில் ஜார்ஜ் மன்னர் பெயரில் மாபெரும் உலர்துறை திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராக இங்கே வேலைக்கு வந்தார்கள். 1968-இல் தளம் கப்பல் பட்டறையாயிற்று. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் விடைபெற்றன.

இந்த வாழ்வோடு கூடவே சப்பாத்தும் வந்தது. இரும்பும் எண்ணெயும் கிடக்கும் துறையில் கெட்டியான பூட்சு. அலுவலகத்துக்குக் கறுப்புத் தோல் சப்பாத்து. பிள்ளைகளுக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி, வெள்ளை பூசி, வெயிலில் காய வைத்தது பலருக்கு நினைவிருக்கும். செக் நாட்டுச் சிலின் நகரில் 1894-இல் தொடங்கிய பாட்டா நிறுவனம் 1931-இல் சிங்கப்பூருக்கு வந்தது. எளியவரும் வாங்கும் விலையில் சப்பாத்து கிடைத்தது.

மலிவாக்கிய மனிதர்

விலை எப்படிக் குறைந்தது? மாணவர்களே, யான் மாட்சலிகர் என்ற பெயரை மனத்தில் பதியுங்கள். தென் அமெரிக்காவின் சுரினாமில் 1852-இல் பிறந்தவர், கறுப்பினத் தாயின் மகன். அமெரிக்காவில் லின் என்னும் நகரில் சப்பாத்துத் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். மேல்தோலை மர அச்சின் மேல் இழுத்து அடிப்பாகத்தோடு பொருத்துவது கைவேலையாகவே இருந்தது. கைதேர்ந்தவர் ஒரு நாளில் 50 சோடி செய்வார். "இதை இயந்திரம் செய்யாது" என்றார்கள். மாட்சலிகர் பகலில் உழைத்து, இரவில் விழித்து, 1883-இல் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 50 என்பது 150 ஆகி, 700 வரை உயர்ந்தது. ஏழைக்கும் சப்பாத்து எட்டியது. ஆனால் அவரோ 1889-இல் காச நோயால் இளம் வயதிலேயே மறைந்தார்.

அழகா, சுகமா?

அழகுக்காகக் காலை வதைத்த வரலாறும் உண்டு. சீன நாட்டில் சிறுமியரின் பாதங்களை மடக்கிக் கட்டி, உள்ளங்கை அளவுச் சப்பாத்துக்குள் அடக்கினார்கள். 1912-இல் சீனக் குடியரசு அதைத் தடை செய்தது. ஐரோப்பாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இடது, வலது என்ற வேறுபாடே இல்லாமல் இரு காலுக்கும் ஒரே வடிவில் சப்பாத்துச் செய்து வந்தார்கள்!

"செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?" என்று கேட்டது நம் பழமொழி. நாமும் கேட்போம். 1992-இல் இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதச் சுவட்டை ஆராய்ந்தார்கள். சப்பாத்து அணிந்து வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 பேருக்கே இருந்தது. சப்பாத்தே வேண்டாம் என்பது இதற்குப் பொருளன்று. விரல் நுனியை நெருக்கும் சப்பாத்து வேண்டாம், வீட்டுக்குள் பிள்ளை வெறுங்காலோடு ஓடட்டும் என்பதே பொருள்.

ஆகவே விழாவுக்குச் சப்பாத்து வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள். மாலையில் கடைக்குப் போங்கள், நாள் முழுதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள், பெரிய காலுக்கு ஏற்றதை வாங்குங்கள். ஆங்கில அளவில் ஓர் எண் கூடினால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் கூடும். அகலமும் வேறு பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னே ஏறக்குறைய ஒரு விரல் அகல இடம் இருக்கட்டும். வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். அவர்களுக்கு நாடா கட்டும் பகுதி நன்றாகத் திறக்கும் 'டெர்பி' வகை உகந்தது. 'ஆக்ஸ்போர்டு' வகை மிடுக்கானது, ஆனால் இறுக்கமானது. "போகப் போகச் சரியாயிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கடையிலேயே நாலு அடி நடந்து பாருங்கள், கடித்தால் கழற்றுங்கள். "அடுத்த வருசமும் ஆகும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும் பிள்ளையின் நடைக்குக் கேடு.

பெற்றோர்களே! வெறுங்காலோடு நடந்தவர்கள் நமக்குப் பாதை போட்டார்கள். அந்தப் பாதையில் நம் பிள்ளைகள் வலியின்றி, தலை நிமிர்ந்து நடக்கட்டும். மாணவர்களே! சப்பாத்தைத் துடைக்கும்போது அதைத் தைத்த கையையும், பால் எடுத்த கையையும் ஒரு கணம் நினையுங்கள். எந்தத் தொழிலும் இழிவல்ல, அதை இழிவென்று சொல்லும் மனமே இழிவு.

வாழ்க உழைப்பு! வளர்க தமிழ்!