கோவேறு கழுதைகள் மேயும் நாணயம்

இரண்டு கோவேறு கழுதைகள் ஆளுக்கொரு திசையில் தலைகுனிந்து புல் மேய்கின்றன. பின்னால், ஏர்க்கால் வானம் பார்க்கச் சாய்த்து நிறுத்திய வண்டி. ரோமப் பேரரசர் நெர்வா கி.பி. 97-இல் வெளியிட்ட செஸ்டர்ஷியஸ் நாணயத்தின் பின்பக்கம் இது. அரசு அஞ்சலுக்கும் அதிகாரிகளின் பயணத்துக்கும் வண்டி மாடு கொடுத்து ஓய்ந்துபோன இத்தாலிய ஊர்களிலிருந்து அந்தச் சுமை நீக்கப்பட்டது என்கிறது சுற்றியுள்ள லத்தீன் வாசகம்.

செஸ்டர்ஷியஸ் உண்மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக் காசு. வெண்கல நாணயம் என்று சொல்வது சேகரிப்பாளர்களின் வழக்கம். எடை சுமார் 25 கிராம்; மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம். வண்டியும் விலங்கும் செதுக்க அதில் தாராளமாக இடம் இருந்தது.

முன்பக்கம் பேரரசரின் தலை. அதைச் சுற்றிப் பட்டங்கள் எல்லாம் சுருக்கமாக: ‘பி.எம்.’ என்றால் தலைமைப் பூசாரி, ‘பி.பி.’ என்றால் நாட்டின் தந்தை. ஆண்டைக் காட்டிக்கொடுப்பது ரோமின் உயர் பதவியான கான்சலின் சுருக்கம்தான். அதன் பக்கத்தில் மூன்று கோடுகள் இருந்தால் நெர்வா மூன்றாம் முறை கான்சலாக இருந்த 97. பின்பக்கத்து ‘எஸ்.சி.’ செனட் தீர்மானத்தைக் குறிக்கும்.

நெர்வாவின் இன்னொரு காசில் தனியாக ஒரு பேரீச்ச மரம். அந்த மரத்தை ரோமர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஜெருசலேம் வீழ்ந்த மறு ஆண்டு, 71-இல், பேரரசர் வெஸ்பாசியன் அடித்த காசுகளில் அதன் அடியில் ஒரு யூதப் பெண் துயரத்தோடு உட்கார்ந்திருப்பாள். யூதர்கள் தங்கள் கோயிலுக்குக் கொடுத்துவந்த காணிக்கையை அவர் ரோமின் ஜூபிடர் கோயிலுக்கான வரியாக மாற்றினார். பின்னர் பேரரசர் டொமிஷியன் காலத்தில் வசூல் கொடுமையானது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவருக்கு விருத்தசேதனம் ஆகியிருக்கிறதா என்று நீதிமன்றத்தில் சோதித்ததைத் தாம் நேரில் கண்டதாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். நெர்வாவின் காசில் அந்தப் பெண் இல்லை. வாசகமும் அளந்து சொல்கிறது: வரியின் பேரால் நடந்த பொய்க் குற்றச்சாட்டுகள் ஒழிந்தன. வரி ஒழிந்தது என்று அது சொல்லவில்லை; வரி தொடர்ந்தது. ஆட்சியின் பெருமை பேசும் காசு இவ்வளவு கறாராகப் பேசுவதுதான் வியப்பு.

பின்னாளில் பேரரசர் ஹாட்ரியன் இன்னும் ஒரு படி மேலே போனார். 118-இல் மக்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்து, கடன் பத்திரங்களை ரோமின் டிராஜன் மன்றத்தில் எரிக்கவைத்தார். அதைச் சொல்லும் செஸ்டர்ஷியஸில் அரசு ஏவலர் ஒருவர் பத்திரக் குவியலுக்குத் தீப்பந்தம் வைக்கிறார். தொகையும் வாசகத்திலேயே இருக்கிறது. 90 கோடி செஸ்டர்ஷியஸ், அதாவது கையில் இருக்கும் அதே காசின் கணக்கில். ரோமில் கிடைத்த ஒரு கல்வெட்டும் ஹாட்ரியனைப் புகழும்போது இதே 90 கோடியைத்தான் குறிப்பிடுகிறது.