உடலணுவே மருந்தாகும் சிகிச்சையும் கம்பம் பள்ளத்தாக்கும்

மருந்து என்பது ஓரிடத்தில் செய்யப்பட்டு, ஒரே நோயுற்ற பலருக்கும் பொதுவாக வழங்கத்தக்க பண்டம் என்ற எண்ணத்தின்மேல் வளர்ந்த வைத்திய சாஸ்திரத்தில், நோயாளியின் இரத்தத்திலிருந்தே நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாற்றிப் பெருக்கி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை புதியதொரு பிரச்னையை எழுப்பியிருக்கிறது. ஒருவருக்கெனச் செய்தது பிறருக்கு உதவாது. ஆதலால் அதன் விலை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே செய்யப்படுகிறது என்பதும் முக்கியமாகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சை பயிரிடுபவர் தம் கொடியின் முற்றிய குச்சியையே வெட்டி வேர்விடச் செய்து தம் மண்ணிலேயே நடுவதை ஒத்தது இம்முறை. நோயாளியின் இரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குள் சென்று, வெள்ளையணுக்கள் ஒரு பையில் தங்க, எஞ்சியது உடலுக்குத் திரும்புகிறது. அவ்வணுக்களுள் டி அணுக்களைப் பிரித்து, தீங்கு செய்யும் ஆற்றல் நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலம் புதிய மரபணுவைப் புகுத்தவே, பி அணுப் புற்றுநோய் அணுக்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி.19 என்னும் புரதத்தை இனங்கண்டு தாக்கும் சக்தியை அவை பெறுகின்றன. செலுத்தியபின் கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரக்கூடுமாதலால், நோயாளி சில வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கவேண்டும்.

அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற இச்சிகிச்சைக்கு அங்கே மருந்து விலை மட்டும் 3 கோடி ரூபாய்க்கு மேலாகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்று, 2024 ஏப்ரல் 4இல் ஜனாதிபதி திரௌபதி முர்முவால் தொடங்கிவைக்கப்பட்டபோது, விலை 30 முதல் 40 லட்சம் ரூபாய் அளவுக்கு இறங்கிற்று. மீண்டும் தலையெடுத்த இரத்தப் புற்றுநோயில், வேறு சிகிச்சைகள் கைவிட்ட பின்னரும், பெரும்பாலோரிடம் நோய் தணிந்ததென்பது சாமானிய விஷயமன்று.

எனினும் விலை குறைந்ததைக் கொண்டே பிரச்னை தீர்ந்ததென்போரின் வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என வரம்பிட்ட அரசுக் காப்பீட்டை நம்பியிருக்கும் திராட்சைத் தோட்டக் கூலியாளுக்கு 30 லட்சமும் 3 கோடியும் ஒன்றே. அவர் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வரலாம், மதுரைக்கும் போகலாம்; ஆனால் அணுக்கள் தொலைதூரத் தொழிற்சாலைக்குச் சென்று உறைநிலையில் திரும்பும் வாரங்களில் முற்றிய நோய் காத்திராது.

இங்கேதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முயற்சி தனிக் கவனத்துக்குரியது. தொழிற்சாலைக்கு அனுப்பாமல், மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கி இயந்திரத்தில் ஏறத்தாழ ஒன்பது நாட்களில் அணுக்களை வளர்த்து, உறையவைக்காமலே செலுத்தலாமென்று அது காட்டியிருக்கிறது.

நுரையீரல், இரைப்பை, மார்பகம் ஆகியவற்றின் கட்டிகளுக்கு இவ்வழி இன்னும் பரவலாகத் திறக்கவில்லை. தோல் புற்றுக்கட்டிக்குள் ஊடுருவிய நோயெதிர்ப்பு அணுக்களையே வளர்த்து அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பர்க் 1988இல் காட்டிய வேறு மார்க்கமும், 2024 பிப்ரவரியில்தான் அமெரிக்க அனுமதி பெற்றது. கட்டிகளுக்கு நம்பிக்கை அளிக்கும் முன், இரத்தப் புற்றுக்கேனும் இதை எட்டச் செய்யவேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சுத்திகரித்த காற்றுள்ள அறையொன்றும், வேலூரில் பயிற்சி பெற்ற சிலரும், மருத்துவமனைச் செலவோடு நோயாளியின் துணைக்கு வருவோர் தங்கும் செலவையும் ஏற்கும் காப்பீட்டு விதியும் அரசால் ஏற்படுத்த இயலாதவை அல்ல.