திண்டிவனத்து இரயிலும் கலிலியோவும்

திண்டிவனத்தில் இரயில் ஏறுகிறோம். வண்டி புறப்படுகையில் உடல் பின்னே சாய்கிறது. விழுப்புரம் நெருங்கி வேகம் தணிகையில் முன்னே சாய்கிறது. இடையிலே ஒரே சீராக ஓடும்போதோ, மேலே எறிந்த காசு நேரே நம் கைக்கே திரும்புகிறது! காரணம் என்ன? ஓட்டத்தை உடல் உணர்வதில்லை; ஓட்டத்தின் மாற்றத்தையே உணர்கிறது. வேகம் மாறும் அந்த வீதமே முடுக்கம்.

இவ்வெளிய உண்மைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. பூமி சுழல்கிறது என்று கி.பி. 499ஐ ஒட்டி ஓடத்தை உவமை காட்டிச் சொன்னார் ஆரியபட்டர். "சுழன்றால் உயர்ந்தவை சரிந்து விழாவோ?" என்று 628இல் மறுத்தார் பிரம்மகுப்தர். விடை 1632இல் வந்தது. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவன் அதன் ஓட்டத்தை அறியான். பூமியின் மேலிருக்கும் நாமும் அவ்வாறே என்றார் கலிலியோ. பரிசு? 1633இல் ரோமாபுரியின் மதமன்றம் அவரை மண்டியிட வைத்தது! வீட்டுச் சிறையிலேயே 1642இல் மாண்டார். நேர்ந்த தவற்றைப் போப்பாண்டவர் ஒப்புக்கொண்டதோ 1992இல். 359 ஆண்டுகள் கழித்து!

தோழர்களே! தேங்கிக் கிடந்த சமுதாயம் முடுக்கப்படும்போதும் பின்னே சாய்வோர் உண்டு. அச்சாய்வு கண்டு அயர வேண்டா. வண்டி புறப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்!