தோட்டப் பிள்ளையும் செயற்றிட்டக் கல்வியும்

ஊவா மாகாணத்துத் தேயிலைக்குச் சந்தையிலே தனி மதிப்பு உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். யூலை முதல் செப்டெம்பர் வரை மலைகளைக் கடந்து வீசும் வறண்ட காற்றுக் கொழுந்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்தி அதன் மணத்தைக் கூட்டுகின்றது. 1883ஆம் ஆண்டிலே கொழும்பில் தொடங்கிய தேயிலை ஏலத்தில் அந்த மணமே விலையாகின்றது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கின்றது. இவற்றுள் காற்றைப் பற்றியது புவியியல், கொழுந்தைப் பற்றியது தாவரவியல், நாலரைக்கு ஒன்று என்னும் விகிதம் கணிதம், ஏலம் வர்த்தகம். பதுளையிலோ அப்புத்தளையிலோ பயிலும் தோட்டத்து மாணவன் இந்நான்கையும் நான்கு பாடவேளைகளில், நான்கு ஆசிரியர்களிடம், நான்கு கொப்பிகளிலே படிக்கின்றான். நான்கும் தன் தாயின் முதுகிலுள்ள கூடையிலே ஒன்றாய்க் கிடப்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வோர் அரியர்.

பல பாடங்களையும் ஒரே ஆய்வுக்குள் இணைத்து, மாணவர் தாமே தேடியும் அளந்தும் செய்தும் கற்கும் முறையைச் செயற்றிட்டக் கல்வி என்கிறோம். இது நேற்று முளைத்ததன்று. 1896இல் அறிஞர் ஜோன் டூயி சிக்காகோ நகரிலே இதற்கென ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கினார். அவர் வழிவந்த கில்பற்றிக் 1918இல் எழுதிய கட்டுரையே இம்முறைக்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்தது. மாணவன் தானே விரும்பிக் கொண்ட நோக்கம் அதன் உயிர்நிலை என்பது அவர் கொள்கை. இதனை நேயர்கள் மனத்திலே வைத்திருக்க வேண்டுகிறேன். ஏனெனில் நம் நாட்டில் இக்கல்வி இடறிய இடம் இதுவேயாகும்.

1930களிலே கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் ஆதரவிலே, கண்டிக்கு அணித்தான ஹந்தெஸ்ஸயில் ஒரு கிராமக் கல்வித் திட்டம் உருவாயிற்று. உழவும் சுகாதாரமும் கைத்தொழிலும் ஏட்டுப் பாடத்தோடு இணைக்கப்பட்டன. வார்தாவிலே 1937இல் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்விக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. ஆயினும் திட்டம் நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்றவன் உத்தியோகம் பார்க்க, தம் பிள்ளை மட்டும் மண்வெட்டி பிடிப்பதா என்று பெற்றோர் ஐயுற்றனர். சென்னை மாநிலத்திலே 1953இல் இராசாசி அரைநாட் பள்ளியும் அரைநாட் குடும்பத் தொழிலுமாக ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்ததும், 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதும் தமிழர் நன்கறிந்த செய்திகள்.

அந்த ஐயத்தைப் பாமரரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் என் கருத்தில் நேர்மையாகாது. தோட்டத்து வரலாற்றைப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்தியது. பத்து வயதுக்குமேல் என்ன என்பதை அது கேட்கவில்லை. மலையிலே கூடை காத்திருந்தது. ஒரே கொட்டகை, ஒரே உபாத்தியாயர், ஐந்து வகுப்பு. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் போதுமென்பது நிருவாகத்தின் துணிபு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமோ இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவரின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சபையிலே பேசுவார் குறைந்தனர். 1960, 1961இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தேயே விடப்பட்டன.

இந்நிலையிலேதான் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்தது. வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவை சமூகக் கல்வி என ஒன்றாயின. விஞ்ஞானப் பிரிவுகளும் ஒருங்கிணைந்தன. 6ஆம் வகுப்பிலிருந்து 9ஆம் வகுப்புவரை தொழில்முன்னிலைப் பாடம் கட்டாயமாயிற்று. கடற்கரை ஊரில் மீன்பிடி, மட்பாண்டம் செய்யும் ஊரில் மட்பாண்டம் என்று அவ்வவ்விடத்துத் தொழிலை ஆராய்ந்து, அதன் வாயிலாக விஞ்ஞானமும் கணக்கும் கற்பதே நோக்கம். ஏட்டளவில் நல்ல திட்டம். செயற்றிட்டக் கல்வியை நாடு முழுவதும் ஒரே வேளையில் நடத்த முயன்றதென்றே கூறலாம். ஆனால் ஊவாத் தோட்டங்களிலே 6ஆம் வகுப்பு எங்கே இருந்தது? ஐந்தோடு முடியும் பள்ளியைக் கடந்தவன் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை போன்ற நகரங்களுக்குச் சென்றாலன்றி இடைநிலைக் கல்வியைக் காணமுடியாது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலோ பஞ்சம் தோட்டங்களை வாட்டிற்று. பள்ளியை விட்டு உணவு தேடி அலைந்த பிள்ளைகள் பலர். 1970களின் பிற்பகுதியிலே தோட்டப் பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கிய வேளையில், ஆட்சி மாறி, தொழில்முன்னிலைப் பாடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தது. விருந்து முடிந்த பின்னர்ப் பந்திக்கு வந்தவர் நிலை.

பிற்காலத்திலே சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மலையகத்துக்குக் கிடைத்தன. ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 1990களின் இறுதியில் உயர்தர வகுப்புக்குச் செயற்றிட்டமும், 2007இல் இடைநிலை வகுப்புகளுக்குக் குழுவாக ஆராய்ந்து கற்கும் ஐந்துபடி முறையும் வந்தன. ஆனால் செயற்றிட்டம் என்றதும் கடையிலே அட்டை வாங்கிப் படம் ஒட்டுவதும், பெற்றோர் இரவிலிருந்து எழுதிக் கொடுப்பதும் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டன. அதனை ஆராய்ச்சி என்பது கத்தரிக்கோலுக்குச் செய்யும் மரியாதை. லயத்து அறையிலே எழுதிக் கொடுக்க ஆளுமில்லை; அட்டைக்குக் காசுமில்லை.

தோட்டத்தையே ஆராயச் சொன்னால் அது பிள்ளையைத் தோட்டத்தோடு கட்டிப்போடுமா? கேள்வியை யார் கேட்கின்றார் என்பதைப் பொறுத்தது அது. கொழுந்தை எவ்வாறு பறிப்பது என்பது துரையின் கேள்வி. அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. அம்மா பறித்த கொழுந்து எத்தனை கிலோ, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது எவ்வளவு, ஏன் முழுப் பேர் விழாமல் அரைப் பேர் விழுந்தது என்பன பிள்ளையின் கேள்விகள். ஒரு மாதம் நாட்கொப்பியில் எழுதி, சராசரி கண்டு, வரைபு கீறி, சம்பளச் சீட்டோடு ஒப்பிடும் மாணவி கணிதத்தோடு வேறொன்றையும் கற்கிறாள். தெமோதரையிலே புகையிரதப் பாதை வளைந்து தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. அங்கே சாய்வு விகிதம் கற்பிப்பதும் சுவையானதே. ஆயினும் சம்பளச் சீட்டின் சுவை வேறு.

இதனினும் அவசரமான கேள்வி ஒன்றுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளிற் சிலர் பெற்றோரை இழந்தனர். அயலிலுள்ள பாடசாலைகள் முகாம்களாயின. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவிருந்தது, லயத்துக்குள் அது வந்து சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே தித்வாப் புயலின் மழையிலும் பதுளை மாவட்டத்திலே மண் சரிந்தது.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருத்தல், 100 ஆனால் புறப்பட ஆயத்தமாதல், 150 ஆயின் அல்லது ஒரே மணியில் 75 ஆயின் வெளியேறுதல் என்பன அந்நிறுவனம் வகுத்த அளவுகள். பக்கம் நேரான தெளிந்த போத்தல் ஒன்றும் அடிமட்டமும் கிடைத்தால் 7ஆம் வகுப்புப் பிள்ளை நாளும் காலையில் மழையை அளக்கலாம். கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்ட கதையைப் பாட்டன்மாரிடம் கேட்டெழுதலாம். நிலத்திலும் சுவரிலும் கண்ட வெடிப்புகளைப் படத்திலே குறிக்கலாம். அளவு 100ஐத் தாண்டினால் நள்ளிரவில் யாரிடம் சொல்லவேண்டும், லயத்தார் எந்த வழியாக எங்கே போகவேண்டும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பாடநூலில் விடை கிடையாது. தோட்ட அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் மாணவர் நேரிற் சென்று கேட்டெழுத வேண்டும்.