பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்

1954இல் காமராஜர் சென்னை மாநில முதலமைச்சரானார். அதே ஆண்டு நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பேற்றார். அடுத்த சில ஆண்டுகளில் பள்ளி இல்லாத சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் வேகமாகத் திறக்கப்பட்டன. பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் உட்காரத்தான் இடமில்லை. கோயில் மண்டபத்திலும் கீற்றுக்கொட்டகையிலும் வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் சம்பளத்துக்கே கல்விக்கான பணத்தில் பெரும்பகுதி போய்விட, தளவாடங்களுக்கு மிஞ்சியது சொற்பம்.

ஊராரிடம் கேட்டால் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையை 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் தந்திருந்தது. அது முதலில் ஊர்க்குழுக்கள் திரட்டிய அரிசியிலும் காய்கறியிலும் நடந்தது. அரசு மானியம் பின்னால்தான் வந்தது. அதே வழியைப் பள்ளியின் மற்றத் தேவைகளுக்கும் விரித்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். முதல் மாநாடு 1958 ஜனவரியில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் கூடியது.

மேடையும் தோரணமும் கடைசிக் கட்டம்தான். உண்மையான வேலை அதற்கு முன்பே கிராமங்களில் முடிந்திருந்தது. துணைப் பள்ளி ஆய்வாளர் தம் சரகத்து ஆசிரியர்களோடு ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று ஊர்ப் பெரியவர்களை வைத்தே பட்டியல் எழுதினார். ஓரிடத்தில் கூடுதல் வகுப்பறை, இன்னோரிடத்தில் கிணறு, மற்றோரிடத்தில் வெறும் கரும்பலகையும் நிலப்படமும் சுவர்க் கடிகாரமும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு போட்டு, யார் ஏற்பது என்று அங்கேயே பேசினார்கள். பணமில்லாதவர் மரமோ செங்கல்லோ உடலுழைப்போ தரலாம். தலைநகரிலிருந்து ஒரே மாதிரிப் பட்டியல் வராததே இந்த முறையின் பெரும்பலம். தன் பெயரில் ஏற்ற பொருளைக் கொடுக்காமல் ஊருக்குள் நடமாடுவது யாருக்கும் எளிதல்ல. காமராஜரே பல மாநாடுகளுக்கு நேரில் போனார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கும் பழக்கமும் இந்த இயக்கத்தோடுதான் பரவியது.

குறையும் இருந்தது. கொடுக்க வசதியுள்ளவர் வாழ்ந்த ஊரில் பட்டியல் விரைவில் நிறைந்தது. கூலி வேலையை நம்பிய குடியிருப்புகளின் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. நன்கொடையாளர் குரலுக்கு இருந்த மதிப்பு பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய்க்கு இல்லை. கட்டடத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பாடம் நடக்கும் விதத்தைப் பற்றி ஊரார் பேசவும் வழி அமையவில்லை.

தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன்களிடம் போய், 1981இல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியரானபின், பள்ளி ஊருடையது என்ற எண்ணம் தளர்ந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அதை வேறு விதத்தில் மீட்கப் பார்த்தது. அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்றது. அரசுப் பள்ளிகளில் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பே. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது, இருபது உறுப்பினரில் பதினைந்து பேர் பெற்றோர் என்றும், தலைவர் பதவி ஒரு தாய்க்கு என்றும் வகுக்கப்பட்டது. கடம்பத்தூர் காலத்தில் நன்கொடை தர வழியில்லாமல் ஒதுங்கி நின்றவர்களுக்கு இதில் வாக்கு உண்டு.